கொள்ளுத் தாத்தாவின் சண்டை

பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் குதிரைகளைக் கட்டிவைத்த இடம் என்பதால் லாயம்பாக்கம் என்று பெயர் பெற்று, பிறகு பட்டாளமும் போய், குதிரைகளும் போய், ஆற்றில் தண்ணீரும் போய், பெயரையும் ஈக்களையும் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருந்த ஊரில், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சவார் பொன்னுரங்கம் தன்னுடைய சண்டைக் குறிப்பு நோட்டில் மறுபடியும் எழுத ஆரம்பித்தார். சவார் என்றால் குதிரை ஏறிச் சண்டை போடுகிற சிப்பாய். அந்த நோட்டில் அவர் கடைசியாக எழுதியிருந்தது 'நாளைக்குச் சண்டை என்கிறார்கள்' என்பது. அதை எழுதி நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது அதற்கு அடுத்த வரி, மை ஈரம்கூடக் காயாமல் இருந்தது: 'நேற்றுச் சொன்ன சண்டை இன்றைக்கு இல்லை. மழை.'

அதை முதலில் பார்த்தவள் அவருடைய கொள்ளுப்பேத்தி அஞ்சுகம். பார்த்தவுடன் அவள் மாடிக்குப் போய்க் காயப்போட்டிருந்த வடாமை எடுத்து உள்ளே வைத்தாள். பத்து மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது.

அஞ்சுகம் பஸ் நிலையத்துக்கு எதிரில் பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்தாள். காது குத்தலிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை லாயம்பாக்கத்தின் சந்தோஷமும் துக்கமும் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே வரும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகளைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் அவள் ஒருத்திதான். ஆனாலும் மத்தியானம் இரண்டு இலை போடுவாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று பொன்னுரங்கத்துக்கு.

அந்த வழக்கத்தை ஆரம்பித்தது பொன்னுரங்கத்தின் மனைவி. பட்டாளம் திரும்பி வந்தபோது அவர் வரவில்லை, ஒரு மூட்டையில் அவருடைய நோட்டு மட்டும் வந்தது. ஊரார் தாலியை எடுக்கச் சொன்னார்கள். அவள் 'நோட்டுதானே வந்துச்சி, சாவுச் சேதி வரலியே' என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இலை போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்குத் திதி கிடையாது, படத்துக்கு மாலை கிடையாது, தினமும் ஒரு இலை மட்டும் உண்டு. பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு மடிக்காமல் அப்படியே எடுத்துப் பசுவுக்கு வைப்பார்கள், ஏனென்றால் இலையை மடிப்பது சாப்பிட்டவர் வேலை. மாமியார் மருமகளுக்குச் சொல்லி, தாய் மகளுக்குச் சொல்லி, அஞ்சுகம் வரைக்கும் அந்த இலை வந்துவிட்டது. அவளுக்கு அது பாரமாக இருந்ததே இல்லை. எதிரில் ஒரு இலை இருந்தால் சோறு தொண்டையில் இறங்கும், அவ்வளவுதான்.

நோட்டு எழுதுகிறது என்று தெரிந்ததும் ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை, டீக்கடையில் தினசரிக்கு முன்னால் அதைப் படிக்க ஆரம்பித்தது. 'இன்றைத் தினம் வெயில்' என்று பொன்னுரங்கம் எழுதினால் சலவைக்காரர்கள் வெள்ளாவி வைத்தார்கள், 'துரைக்கு வயிற்றுக்கடுப்பு, ஆகையால் சண்டை இல்லை' என்று எழுதினால் அன்றைக்கு யாரும் பெண் பார்க்கப் போகவில்லை, 'சிட்டு இருமுகிறது' என்று எழுதினால் குழந்தைகளுக்கு மிளகுக் கஷாயம் காய்ச்சினார்கள். சிட்டு என்பது அவருடைய குதிரை. செத்தவர் எப்படி எழுதுவார் என்று வெளியூர் ஆசிரியர் ஒருவர் கேட்டதற்கு, 'இன்னா சார், உயிரோட கீறவங்க இன்னாத்த எழுதிக் கிழிச்சிட்டாங்க' என்று டீ மாஸ்டர் பதில் சொன்னார், அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

இப்படியே விட்டிருந்தால் நோட்டும் நன்றாயிருந்திருக்கும், ஊரும் நன்றாயிருந்திருக்கும். ஆனால் லாயம்பாக்கத்தில் மாசிலாமணி இருந்தார். ரைஸ்மில் முதலாளி, எல்லா விழாக்குழுவுக்கும் தலைவர், ஊருக்கு ஒரு வீரன் இல்லையே என்ற ஏக்கத்தில் இளைக்காமல் இருந்தவர். பக்கத்து ஊரில் ஒரு வீரனுக்குச் சிலை இருந்தது, அதற்குப் பக்கத்து ஊரில் இரண்டு. மாசிலாமணி தினமும் காலையில் மைக் செட்டோடு அஞ்சுகம் வீட்டுக்கு வந்து அன்றைய பக்கத்தை வாசிக்கலானார்.

பழைய காலத்துக் கையெழுத்தில் புள்ளி வைக்கிற பழக்கம் இல்லை, சுழியும் கொம்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, பொன்னுரங்கம் வேறு சேணத்தின் மேல் வைத்து எழுதுகிற ஆள். அவர் தினமும் தவறாமல் எழுதியது கொள்ளுக் கணக்கு; முதல் நாள் மாசிலாமணி கண்ணில் பட்டது 'ஆறு படி கொள்ளு, போதவில்லை' என்பது. அதை மாசிலாமணி 'ஆறு படை கொல்லு, போதவில்லை' என்று மைக்கில் வாசித்தார். ஆறு படையைக் கொன்றும் போதவில்லையா என்று ஊர் தனக்குள்ளே கேட்டுக்கொண்டது. பிறகு விசில் அடித்தது.

அதற்குப் பின் யாராலும் பிடிக்க முடியவில்லை. ஊர் எல்லையில் 'கொல்லு' என்று வளைவு கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வணக்கம் சொல்வதற்குப் பதில் 'கொல்லு டீச்சர்' என்றார்கள், டீச்சரும் 'கொல்லு, உக்காரு' என்றாள். கொள்ளுத் தாத்தா என்ற உறவே கொல்லுத் தாத்தா என்றாயிற்று, அப்படியே பிளெக்ஸ் அடிக்கச் சொல்லி அஞ்சுகத்திடமே ஆள் வந்தது, அவளும் கேட்டதை அடித்துக் கொடுத்தாள். நோட்டில் துரை துரை என்று வருகிறதே, வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கிய சிப்பாயா என்று ஒரு கல்லூரிப் பையன் இழுத்தபோது, அது நம்ம பாளையத்துத் துரை, வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர், அதனால்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று மாசிலாமணி தீர்த்துவைத்தார். 'வாள் துருப்பிடித்து உறையை விட்டு வரமாட்டேன் என்கிறது' என்ற வரிக்கு, பார்த்தீர்களா எவ்வளவு அடக்கம் என்று உரை சொன்னார்.

ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம், யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள் அவசரத்தில், அஞ்சுகம் இலை போட நேரமில்லாமல் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலை விரித்திருந்த நோட்டின் மேலேயே வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கிண்ணம் இல்லை. பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் நோட்டில் இருந்தது:

'இன்றைத் தினம் கொள்ளு வந்து சேர்ந்தது, வேகவைத்துக் கடுகு தாளித்து. யார் அனுப்பியதோ தெரியாது, அவர்கள் கை நன்றாயிருக்க வேணும். சிட்டு கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டுத் தின்றது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொல்வார்கள், இதற்குக் கொஞ்ச நாளாக எதற்குமே வாய் திறக்கத் தெம்பில்லை. இன்று திறந்தது. மிளகாய் மாத்திரம் வேண்டாம்.'

அஞ்சுகம் முந்தின பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் கொள்ளு. ஆறு படி கொள்ளு, ஐந்து படி கொள்ளு, மூன்று படி, அரைப் படி. ஊர் விசில் அடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் ஒரு மனுஷன் தன் குதிரை பட்டினியால் இளைப்பதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அவள் நேராக ரைஸ்மில்லுக்குப் போனாள்.

"தலைவரே, அது கொல்லு இல்ல. கொள்ளு. குதிரைக்கு வைக்கிற கொள்ளு. நோட்டு மேல வச்ச சுண்டல அந்தக் குதிரைதான் தின்னுகீது."

"தெரியும்மா" என்றார் மாசிலாமணி.

"தெரியுமா?"

"எனக்கு நாலாம் நாளே சந்தேகம்தான். வளைவுக்கு சிமெண்ட் போட்டுட்டாங்க, இன்னா பண்ண சொல்ற? ஊரே நிமிர்ந்து நடக்குது. ஒரு எழுத்துக்காக அத்தன பேரையும் குனியச் சொல்றியா?" பிறகு அவர் முகம் மலர்ந்தது. "நோட்டு மேல வச்சது அங்க போவுதுன்னா சொன்ன?"

மறுநாளே விழாக்குழு வரிசை கட்டி வந்து சவாருக்கு மரியாதை அனுப்பியது. பொன்னாடை வைத்தார்கள், ரோஜா மாலை வைத்தார்கள், கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம் வைத்தார்கள், குதிரை பொறித்த மரக் கேடயம் வைத்தார்கள். எல்லாம் பக்கத்துக்குள் போய்ச் சேர்ந்தன. சவாரின் பதிலும் வந்தது: 'சால்வை வந்தது, சிட்டுக்குப் போர்த்தினேன். மாலையைச் சிட்டு தின்றது, நாரை மாத்திரம் துப்பிற்று. பலகை ஒன்று வந்தது, காய்ந்த மரம், சோறு பொங்க உதவிற்று. கண்ணாடியில் முகம் பார்த்தேன், தாடி நரைத்திருக்கிறது. அனுப்புகிறவர்களுக்குக் கொள்ளு அகப்படவில்லை போலும்.'

அஞ்சுகம் மட்டும் தினமும் கொள்ளு வைத்தாள், உப்பில்லாமல், மிளகாய் இல்லாமல். நோட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு கிண்ணம்தான் கொள்ளும். குதிரைக்கு அது எந்த மூலைக்கு? 'சிட்டு எழுந்து நின்றது' என்று வரும் நாளில் அவளும் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் சவாருக்குச் சிலை வைக்க விழாக்குழு கேட்டிருந்த அனுமதியை மறுத்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. உயிரோடிருக்கிற நபருக்குப் பொது இடத்தில் சிலை வைக்க விதி இடம் கொடுக்காது, மேற்படி சவார் தினமும் எழுதி வருவதாகத் தாங்களே தெரிவித்திருப்பதால் அவர் உயிரோடிருப்பதாகவே கருத வேண்டியிருக்கிறது. சிலையோ தயாராகிவிட்டது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிய குதிரை, அதன்மேல் மீசை முறுக்கி, வாளை ஓங்கி, பார்ப்பதற்குக் கொஞ்சம் மாசிலாமணி சாயலில் ஒரு வீரன், எல்லாவற்றுக்கும் மேலே கோணித்துணி. அமைச்சருக்கும் தேதி சொல்லியாகிவிட்டது. குழு கூடி யோசித்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நோட்டில் வரி வந்தது: 'வருகிற ஞாயிறு சண்டை நிச்சயம் என்கிறார் துரை. சிட்டு நின்றால் நான் நிற்பேன். சிட்டு விழுந்தால் நானும் அதோடே.'

அமைச்சர் வருவதும் அந்த ஞாயிறுதான். குழுவில் ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மாசிலாமணி அன்று மாலையே நோட்டை எடுத்துப் போக ஆட்களோடு வந்தார்.

"எதுக்கு எடுத்துகினு போறீங்க?"

"புதுசா கட்டுன நினைவு மண்டபத்துல கண்ணாடிப் பெட்டில வைக்கணும்மா. நீ பாட்டுக்குத் தெனம் கொள்ளு வைக்கிற, குதிரை தேறிகினு வருது. இது நல்லதுக்கில்ல."

"எங்க தாத்தா சாவணும்னு சொல்றீங்க."

"சேச்சே, சாவணும்னு யாரு சொன்னது? வீரமரணம் அடையணும்னு சொல்றோம். நீ வீட்டு மனுஷி, நீயே தப்பா பேசலாமா?"

குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரை பாவம் சும்மா இருந்தது, குழி பறித்தவர்கள் எல்லாம் வேட்டி கட்டியிருந்தார்கள். அஞ்சுகம் ஒருநாள் தவணை கேட்டாள், தாத்தாவுக்குப் படையல் போட வேண்டும் என்று. படையல் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாசிலாமணிக்கு நம்பிக்கை வந்து, தவணை கொடுத்தார்.

அவள் படையல் போடவில்லை. பெரிய எழுத்தில், ஒவ்வொரு புள்ளியையும் மிளகு அளவுக்கு வைத்து, ஒரு தாளில் 'போர் முடிந்தது' என்று எழுதி நோட்டின் மேல் வைத்தாள். பிளெக்ஸ் அடிக்கிறவள், இரண்டே வார்த்தையில் சொல்லிப் பழகியவள். காலையில் பதில் இருந்தது: 'போர் முடிந்தது என்று சேதி வந்தது. அது எனக்கும் தெரியும். கடைசி வைக்கோலைச் செவ்வாய்க்கிழமையே பிடுங்கிப் போட்டாயிற்று. அதனால்தானே கொள்ளு கேட்கிறேன்.'

அவர் லாயத்துக்காரர். போர் என்றால் அவருக்கு வைக்கோல் போர்தான். அஞ்சுகம் தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே சிரித்தாள். வேறு வார்த்தை எழுதுவதற்குள் ஆட்கள் வந்து நோட்டை எடுத்துப் போய்விட்டார்கள்.

மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குக் காவல். வெள்ளிக்கிழமை வந்த பக்கத்தில் 'கொள்ளு வரவில்லை' என்று இருந்தது. அடுத்த நாள் விழாக்குழு ஒரு வாள் வாங்கி வந்தது. கடைசிச் சண்டைக்கு ஊரின் காணிக்கை. யார் கையால் அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, வாரிசு கையால் கொடுத்தால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று போட்டோக்காரரே சொல்லிவிட்டார். அஞ்சுகத்துக்கு ஆள் வந்தது. அவள் மறுக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கொல்லையில் ஒரு தலைவாழை இலை அறுத்துக்கொண்டு போனாள்.

"இலை எதுக்கும்மா?" என்றார் மாசிலாமணி.

"வாளைச் சும்மா கொடுக்கக் கூடாது தலைவரே. இலைல சுத்தித்தான் கொடுக்கணும். எங்க வீட்டு வழக்கம்."

வழக்கம் என்றால் லாயம்பாக்கத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவள் வாளை இலையில் சுற்றி நோட்டின் மேல் வைத்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், வாளும் இலையும் பக்கத்துக்குள் இறங்கிப் போயின. இலைக்குள் இரண்டு கை கொள்ளு இருந்தது யாருக்கும் தெரியாது. இலையின் உள்பக்கத்தில் கொண்டை ஊசியால் அவள் கீறியிருந்ததும் தெரியாது. போர், யுத்தம், சமாதானம் என்று எதையும் அவள் இந்தத் தடவை எழுதவில்லை. சோற்று நேரத்தில் எந்த வீட்டிலும் எந்தப் பொம்பளையும் வாசலைப் பார்த்துச் சொல்வதைத்தான் எழுதியிருந்தாள்: 'இலை போட்டாச்சு, வாங்க.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டி, மைதானம் கொள்ளாத கூட்டத்துக்கு முன்னால், அமைச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மாசிலாமணி பெட்டியைத் திறந்தார். கடைசிப் பக்கம் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த தாள்கள் எல்லாம் வெறும் தாள்கள். அவர் கண்ணில் பட்டது இது:

'வாள் வந்தது. நல்ல பதம், சிட்டுக்குப் புல் அறுத்தேன். இலை போட்டிருப்பதாகச் சேதியும் வந்தது. துரையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கிளம்பிவிட்டேன்.'

சண்டைக்கு முன்னால் குதிரை ஏறி வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பிவிட்ட ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு ஒரு விழாக்குழுத் தலைவர் என்ன செய்ய முடியும்? மாசிலாமணி பக்கத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தழுதழுத்த குரலில் வாசித்தார்: "வாள் வந்தது. புல் அறுப்பது போல் அறுத்தேன்." கூட்டம் எழுந்து நின்றது. "துரையிடம் சொல்லிக் கொல்லவில்லை." அமைச்சர் பக்கம் திரும்பினார். "சொல்லிக் கொல்லவில்லையாம். சொல்லாமலே கொன்றிருக்கிறார். கொன்றுவிட்டு, கிளம்பிவிட்டேன் என்கிறார். எங்கே கிளம்பினார்? வீர சொர்க்கத்துக்கு." அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோணித்துணியை இழுத்தார். ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே குரலில் "கொல்லு, கொல்லு, கொல்லு" என்று முழங்கின.

அஞ்சுகம் விழாவுக்குப் போகவில்லை. வீட்டில் இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தாள். வெண்டைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், கொள்ளு ரசம். ஊர் காலியாகக் கிடந்த தெருவில் குளம்புச் சத்தம் கேட்டது, மெதுவாக, நொண்டுகிற மாதிரி. வாசலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண்குதிரை நின்றது, அதன் முதுகில் ஜரிகை வைத்த பொன்னாடை. பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டிய கன்னமும் நரைத்த தாடியுமாக ஒரு குள்ள மனிதர். குதிரை நோகுமே என்று கடைசித் தூரம் நடந்தே வந்திருந்தார்.

"இலை போட்டாச்சுன்னு சேதி வந்துச்சி" என்றார் அவர்.

"ஆமா தாத்தா. கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள் அஞ்சுகம்.

தன் வயதுக்காரியாகத் தெரிந்த ஒருத்தி தாத்தா என்று கூப்பிட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் சிட்டுக்கு அண்டா நிறைய ஊறவைத்த கொள்ளைக் காட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார். அந்த வீட்டில் அந்த இலையை யாரும் மடித்ததே இல்லை. அஞ்சுகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அடக்கமாட்டாமல் அழுதாள்.

அவள் அழுது முடிப்பதற்குள் அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மைதானத்துப் பக்கமிருந்து சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அந்த வார்த்தை கேட்கும்போதும் வாசலில் சிட்டு அண்டாவிலிருந்து தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. பொன்னுரங்கம் அதைப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"எத்தினி பேரு கொள்ளு கொள்ளுன்னு கத்துறாங்க, பாவம்" என்றார். "அவங்க குதிரைங்களும் பட்டினி போலகீது. மீந்தது இருந்தா கொஞ்சம் குடுத்தனுப்பும்மா."

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாளைக்கும் சேர்த்துக் கொள்ளு ஊறவைக்கப் போனாள்.